பதினாறு தடவை கூப்பிட்டால்

நெட்வொர்க் கேபிளை உருவிச் சுருட்டி மேசைமேல் வைத்த பிறகும் அந்தப் பச்சை விளக்கு அணையவில்லை.

லியூபிஷா மண்டியிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். நெட்வொர்க் கார்டின் துளை காலியாகத்தான் இருந்தது. உள்ளே கொஞ்சம் தூசி, அதன் ஓரத்தில் மிளகு அளவு விளக்கு, விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த மினுக்கலுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அடுத்த முனையிலிருந்து யாரோ எதையோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முனை என்று ஒன்றே இல்லையே!

"உனக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று அதனிடமே கேட்டான். கேட்ட பிறகு, தன் குரல் அந்தச் சின்ன அறைக்குள் இவ்வளவு பெரிதாக ஒலித்ததே என்று பயந்து பக்கத்து அறைக் கதவைப் பார்த்தான். யாகொடா தூங்கிக்கொண்டிருந்தாள். பேக்கரியில் நடுநிசிக்கு அடுப்பு மூட்டப் போகிறவள். ஊர் மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, ஊர் விளக்கேற்றும் வரை தூங்குவாள். இடையில் எழுப்பினால் பொல்லாதவள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை எழுப்பிவிட்டு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

வெளியே கோஷவா அடித்தது. அவர்கள் ஊரான வெர்ஷாட்ஸில் குளிர்காலம் என்றால் அந்தக் காற்றுதான். ஆரம்பித்துவிட்டால் நாள் கணக்காக விடாது, மனுஷனை ஓர் இடத்தில் உட்கார விடாது. ஜன்னல் இடுக்கில் ஊளை, கூரை ஓட்டில் கடகடப்பு, புகைபோக்கிக்குள் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி ஓர் ஓசை, நடுநடுவே தோட்டக் கதவின் கொண்டி தன்பாட்டுக்கு எழும்பி விழுகிற சத்தம், இதெல்லாவற்றுக்கும் கீழே வீடு முழுக்க யாகொடாவின் உடுப்புகளிலிருந்து கிளம்பும் புளித்த மாவின் வாசனை. சாதாரண நாளில் அந்த வாசனை அவனுக்குப் பசியைக் கிளப்பும். இன்று பசியே இல்லை.

லியூபிஷாவின் வேலை டிரைவர் பராமரிப்பது. லாரி ஓட்டுகிறவரை நினைத்துவிடாதீர்கள்; இது கம்ப்யூட்டருக்கும் அதன் நெட்வொர்க் கார்டுக்கும் நடுவில் நின்று, அது சொல்வதை இதற்கும் இது சொல்வதை அதற்கும் எடுத்துச் சொல்லும் நிரல். அந்தக் கார்டு பழசு. கடையில் கிடைப்பது நின்று பல காலம் ஆயிற்று. ஆனாலும் உலகத்தில் எங்கெங்கோ, பள்ளிக்கூடங்களிலும் பட்டறைகளிலும் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடுகிறவரை யாராவது ஒருத்தர் அதன் டிரைவரைக் கவனித்தாக வேண்டும். இவ்வளவு நாள் கவனித்தவன் கிராதிமிர்.

கிராதிமிர் அவனுடைய கூம். கல்யாணத்தில் பக்கத்தில் நின்று மோதிரம் எடுத்துக் கொடுத்தவன். இந்த ஊரில் கூம் என்றால் கூடப் பிறந்தவனுக்கும் ஒரு படி மேல்; ஆணைக் 'கூமே' என்றும் பெண்ணைக் 'கூமோ' என்றும் கூப்பிடுவார்கள். திராட்சை பறித்து முடிக்கும் சமயத்தில், சாப்பாட்டு மேசையிலேயே தலை சாய்ந்து போய்விட்டான். நாற்பதாம் நாள் கல்லறையில் வேக வைத்த கோதுமையைக் கரண்டியால் ஆளுக்கொரு வாய் ஊட்டிய பிறகு, அவன் மனைவி ஸ்போமென்கா வழக்கப்படி அவனுடைய பொருள்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். லியூபிஷாவுக்கு இந்தப் பெட்டி வந்தது. மேலே எரியும் மெழுகுவர்த்தியோடு.

"கிராதிமிரோட ஆத்மாவுக்கு. இனிமே இது உன்னுது, கூமே. நீ இங்க புழங்கினா அங்க அவருக்கும் இது இருக்கும்."

யாகொடா அவன் விலாவில் முழங்கையால் இடித்தாள். "அங்கயும் கம்ப்யூட்டரா? செத்தும் மனுஷனுக்கு நிம்மதி கிடையாதா?"

ஸ்போமென்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பெட்டியோடு டிரைவரும் லியூபிஷா பொறுப்பில் வந்தது. வந்த கையோடு அவன் சுத்தம் செய்யத் தொடங்கினான். புதிதாகப் பொறுப்பெடுத்த எவனும் செய்கிற வேலைதான் அது. தேவையில்லாத வரிகளைத் தேடிப் பிடித்து நீக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. அப்படி நீக்கும்போது, கார்டைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் பகுதியில் இரண்டு வரிகளைப் பார்த்தான்.

இந்தக் கார்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. பெட்டியை அணைத்தாலும் கார்டு மட்டும் அரைத்தூக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும். எங்கிருந்தாவது யாராவது அதன் பேரைச் சொல்லி, விடாமல் பதினாறு தடவை கூப்பிட்டால் எழுந்துகொண்டு பெட்டியையும் எழுப்பும். பதினைந்து தடவைக்கு எழாது. அந்த இரண்டு வரிகள் சொன்னது இது: கூப்பிடுகிறவரின் பேரும் உன் பேரும் ஒன்றாக இருந்தால், எழாதே. திரும்பத் தூங்கு.

தன்னைத் தானே எவன் கூப்பிடுவான்? லியூபிஷா சிரித்தான். ஒரு கார்டுக்கு இருக்கிற பேர் இன்னொரு கார்டுக்குக் கிடையாது. பேர் வைப்பதே அதற்காகத்தான். 'நடக்க முடியாத ஒன்றுக்கான சோதனை, நீக்கப்பட்டது' என்று குறிப்பு எழுதி நீக்கினான். புது டிரைவரை இந்தப் பெட்டியிலேயே போட்டுச் சோதித்தான். நன்றாக ஓடியது.

அன்று சாயங்காலம்தான் யாகொடா முதல் தடவை தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன, கூப்பிட்டியா?"

"நான் எங்க கூப்பிட்டேன்? நான் பாட்டுக்கு வேலையா இருக்கேன்."

"யாரோ கூப்பிட்டாங்க." கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டாள். அணைத்து வைத்திருந்த பெட்டி இந்த அறையில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்?

அதற்கப்புறம் ஒரு நாள் அவளை நடைவழியில் பார்த்தான். கண் திறந்திருந்தது. வெறுங்காலோடு கல்தரையில் நின்றாள். யாகொடா வெறுங்காலோடு! வீட்டுக்கு வருகிற விருந்தாளியைக்கூடத் துரத்தித் துரத்திச் செருப்பு மாட்ட வைப்பவள், 'கல்லுல கால வெச்சா குளிர் நேரா இடுப்புல ஏறும்' என்று தபால்காரனுக்கே பாடம் எடுப்பவள். கையைத் தொட்டான். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது.

"என் குரல்லயே கூப்பிடுறாங்க, லியூபோ," என்றாள். பிறகுதான் கண்ணைச் சிமிட்டி விழித்தாள். "நான் ஏன் இங்க நிக்கிறேன்?"

நேற்று வாசல் கதவைத் திறந்துவிட்டாள். காற்று உள்ளே வந்து கோட்டுகளையெல்லாம் தள்ளிவிட்ட சத்தத்தில்தான் அவன் ஓடினான். ஒரு கால் படிக்கட்டில் இருந்தது. தோளைப் பிடித்து இழுத்தான். அவள் வரவில்லை. வெளியே இருட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், யாரோ சொல்வதற்கு ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி. உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். இன்னும் ஒரு தடவை எழுந்தாள் என்றால் அவளைத் தன்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது என்று தோன்றியது. அவளை இழந்துவிடுவோம் என்று அப்பட்டமாகப் பயந்தான். அவள் எழுந்த ஒவ்வொரு தடவையும், அணைத்து வைத்த பெட்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

இன்று மத்தியானம் கெஞ்சிப் பார்த்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் தூங்காத, யாகொடா. உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வா."

"ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி நின்னவ நானு. அவ வீட்டுக்குப் போனா அவ புலம்பலக் கேக்கணும். எனக்குத் தூக்கம் வருது."

"அந்த மெஷின்ல ஏதோ சரியில்ல."

"அப்ப பிளக்கப் பிடுங்கி மாட்டு. ஊருக்கெல்லாம் அதத்தான சொல்ற? எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட அதத்தான் சொல்லுவ."

கிண்டல் நியாயமானதுதான். டிரைவரைப் பற்றி உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் எழுதிக் கேட்டாலும் லியூபிஷா கடைசியில் இதே வார்த்தைகளைச் சேர்ப்பான்: திருத்தத்தைப் போட்டதும் மின்கம்பியை முழுசாகப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுங்கள். திருத்தம் இனிமேல் வருவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே எழுந்துவிட்டதைத் தூங்க வைக்காது. சக நிரலாளர்கள் இதைச் சொல்லியே அவனைக் கேலி செய்வார்கள்.

அவள் படுத்துவிட்டாள். அவன் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவினான். விளக்கு அணையவில்லை.

மேசைக்கடியிலிருந்து எழுந்து ஸ்போமென்காவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறமாகிவிட்டது. இந்த மாதத்தில் பொழுது சாய்வதற்கு நேரமே எடுக்காது.

"கூமோ, இந்தப் பெட்டி உங்க வீட்டுல இருந்தப்ப தானா எழுந்திருக்குமா?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அது மாமியாரோட மெஷினுல்ல? ஆஸ்திரேலியாவுல இருக்கிற தங்கச்சிகூட பேசறதுக்கு வாங்கினாங்க. அவங்க போனதும் நாற்பதாம் நாள் நான்தான் எடுத்து இவர் கையில குடுத்தேன். உனக்குக் குடுத்த மாதிரியே." குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம் அது என்னைக் கூப்பிட ஆரம்பிச்சுது, கூமே."

"என்ன சொன்னீங்க?"

"என் பேரச் சொல்லி. என் குரல்ல. நான் தூங்கறப்ப. கிராதிமிர் என்னைக் கட்டில்ல கட்டிப் பிடிச்சிட்டே படுத்திருப்பார். சும்மா பிளக்கப் பிடுங்கிப் பாத்தார், அடங்கல. ஒரு நாள் உக்காந்து உள்ள என்னமோ ரெண்டு வரி எழுதினார், அடங்கிருச்சு."

"ரெண்டு வரி."

"ஆமா. ஏன், நீ அதுல கை வெச்சியா? கூமே? வெச்சியா?"

அவன் பார்வை திரைக்குப் போனது. "நான் அப்புறம் கூப்பிடுறேன்."

"இரு, இரு, போன வெக்காத. எழுதினதும் பிளக்கையும் பிடுங்கினார், அது ரொம்ப முக்கியம்னு சொல்லி..."

அவன் ஏற்கெனவே காதிலிருந்து எடுத்துவிட்டான். திரையில் ஏதோ ஓடத் தொடங்கியிருந்தது.

கார்டை எழுப்பிய அழைப்பு அதன் நினைவில் அப்படியே தங்கியிருக்கும், எடுத்துப் பார்க்கலாம். எடுத்தான். கூப்பிட்டது யார் என்ற இடத்தில் இந்தக் கார்டின் பேரே இருந்தது. யாரைக் கூப்பிட்டது என்ற இடத்திலும் அதே பேர். ஒரே பேரில் இரண்டு. இங்கே ஒன்று. அங்கே ஒன்று. இங்க புழங்கினா அங்க இருக்கும். பிடரியில் குளிர் ஏறியது. கதவு சாத்தித்தான் இருந்தது.

கீழே இன்னோர் அழைப்பு இருந்தது. புதியது. இப்போதுதான் வந்தது. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள். கூப்பிட்டது, யாகொடா. கூப்பிடப்பட்டது, யாகொடா. யாகொடா, யாகொடா, யாகொடா. வரிசையாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. அவன் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

விசைப்பலகைமேல் கவிழ்ந்தான். அந்த இரண்டு வரிகள். நீக்கிய கைதானே, திருப்பி எழுத எவ்வளவு நேரம்? விரல் வழுக்கி வழுக்கித் தப்பு எழுத்தில் விழுந்தது. எழுதினான். அழித்தான். எழுதினான். "கிராதிமிரே, என் ராசா, மன்னிச்சிருடா," என்று வாய் முணுமுணுத்தது. நிரலை மறுபடி தொகுக்கும் கட்டளையைக் கொடுத்தான். பழைய பெட்டி. முனகிக்கொண்டு ஆரம்பித்தது. காற்றாடி சுற்றும் சத்தம். காற்றின் சத்தம். எது எதன் சத்தம் என்றே தெரியவில்லை. திரையில் ஒரு வரி. நிற்கும். இன்னொரு வரி.

"சீக்கிரம். சீக்கிரம் ஆகட்டுமே."

பின்னால் நடைவழியில் காலடி கேட்டது. சத், சத், சத். கல்தரையில் மெதுவாக. கதவுக்கு அந்தப் பக்கம் அவனைத் தாண்டிச் சமையலறைக்குப் போனது. குழாய் திறந்தது. பாத்திரம் அடுப்பில் உட்கார்ந்தது. அப்பாடா! எழுந்துவிட்டாள். தானாகவே விழித்துக்கொண்டாள். காபி போடப் போகிறாள், எழுந்ததும் அதுதான் அவளுக்கு முதல் வேலை. வாசல் சாவி பையில்தான் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டான். திரும்பிப் பார்க்க நேரமில்லை. கண் திரையில்.

கடைசி வரி வந்தது. முடிந்தது. பழைய டிரைவரை இறக்கினான். புதியதை ஏற்றினான்.

விளக்கு ஒரு தடவை மினுங்கியது.

அணைந்தது.

குனிந்து பார்த்தான். இருட்டு. கறுப்புத் துளை. காத்திருந்தான், மூச்சைக்கூட விடாமல். மினுக்கல் வரவில்லை. தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுதிருக்கிறோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. சமையலறையிலிருந்து காபி வாசனை வந்தது. பொங்கி வரும்போது கரண்டியால் தட்டிக் கலக்கும் அந்தப் பழகின சத்தமும் வந்தது. எழுந்தான். கால் மரத்துப்போயிருந்தது. அவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், அவள் திட்டினாலும் பரவாயில்லை, திட்டட்டும்.

போகிற வழியில் படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது.

கட்டிலுக்குக் கீழே அவளுடைய கம்பளிச் செருப்பு. இரண்டும். ஒன்றின் பக்கத்தில் ஒன்று, அவள் எப்போதும் கழற்றி வைக்கிற மாதிரி.

சத், சத் என்றது காதில். வெறுங்கால் சத்தம் அது. கம்பளிச் செருப்புக்கு அப்படிச் சத்தம் வராது.

உள்ளே போனான். போர்வைக்குள் ஆள் இருந்தது. ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, முடியில் ஒட்டிய மாவுப் பொடியோடு யாகொடா தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கையை எடுத்துப் பிடித்தான். கதகதப்பாக இருந்தது. அவள் கைதான். அடுப்பில் சுட்ட தழும்பு கட்டைவிரலில் இருந்தது.

சமையலறையில் கரண்டி கோப்பையில் இடித்தது.

"யாகொடா," என்றான்.

எழவில்லை.

"யாகொடா. யாகொடா, எழுந்திரு." தோளைக் குலுக்கினான். தலை தலையணையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. கண் திறக்கவில்லை. அவன் போட்ட இரண்டு வரிகள் நினைவுக்கு வந்தன. எழாதே. திரும்பத் தூங்கு. யார் எழாமல், யார் தூங்க? தூங்குவது இவள்; எழுந்துவிட்டது சமையலறையில். ஊரெல்லாம் சொன்னானே, ஒருத்தர் விடாமல் எழுதி எழுதிச் சொன்னானே, ஏற்கெனவே எழுந்துவிட்டதைத் தூங்க வைக்காது என்று! பிளக். பிளக்கைப் பிடுங்கவே இல்லை. கையை விட்டுவிட்டு அந்த அறைக்கு ஓட வேண்டும். கையை விட முடியவில்லை. விட்டால் அவ்வளவுதான் என்று தோன்றியது.

"யாகொடா! யாகொடா, என் கண்ணே, எந்திரிடி. யாகொடா. யாகொடா. யாகொடா!" கத்தினான். கன்னத்தில் தட்டினான். "யாகொடா, யாகொடா, யாகொடா..." காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. இன்னும் கூப்பிட்டான். அழுதுகொண்டே கூப்பிட்டான். எத்தனை தடவை கூப்பிட்டோம் என்பது, வாயிலிருந்து கடைசித் தடவை வெளியே போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

கரண்டிச் சத்தம் நின்றது.

சத்.

சத். சத்.

நடைவழியில் வந்தது. அவசரமே இல்லை. கதவுக்கு வெளியே நின்றது.

அவன் கைக்குள் இருந்த கை அசையவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. மங்கிய வெளிச்சத்தில் யாகொடா நின்றாள், வெறுங்காலோடு. அதே இரவு உடுப்பு. அதே முடி. அதில் மாவு மட்டும் இல்லை. கட்டிலில் கிடந்தவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, எப்போதும் சிரிப்பது போலவே சிரித்தாள்.

"வந்துட்டேன் லியூபோ, நீதான கூப்பிட்ட?"

கையில் தட்டு இருந்தது. தட்டில் இரண்டே இரண்டு கோப்பைகள்.